11 சர்வீஸ், ஒரு லேப்டாப்: எதை எங்கே ஓட்டி டீபக் செய்வது?

மைக்ரோசர்வீஸ் வேலையில், அதாவது ஒரே ஆப்பைப் பல சின்னச் சின்ன சர்வீஸாகப் பிரித்து எழுதும் வேலையில், புதிதாகச் சேர்ந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "ரெப்போவில் பத்துப் பன்னிரண்டு சர்வீஸ் இருக்கிறது. எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் ஓட்ட வேண்டுமா? டாக்கர் கம்போஸ் போதுமா, மினிகியூப் போட வேண்டுமா? பிரேக்பாயிண்ட் வைத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறதே?" டாக்கர் கம்போஸும் மினிகியூபும் பல சர்வீஸைச் சேர்த்து ஓட்ட உதவும் கருவிகள். பிரேக்பாயிண்ட் என்பது ஓடும் கோடைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்தும் குறி. டீமில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும். அவரவர் தனக்குப் பழகிய வழியைச் சொல்வார். கேட்டவர் முன்பைவிடக் குழம்பிப்போவார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை சர்வீஸ் ஓடுகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை சர்வீஸுக்குள் நீங்கள் நிறுத்திப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை எண்ணுங்கள். பெரும்பாலான நாட்களில் அது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மற்றவை ஓடினால் போதும், அவற்றை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எடுத்துக்காட்டுக்கு ஒரு கடை

எல்லோரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்கட்டும் என்று கூகுள் வெளியிட்டிருக்கும் "ஆன்லைன் பூட்டீக்" என்ற மாதிரிக் கடையை எடுத்துக்கொள்கிறேன். லோடு ஜெனரேட்டரையும் (வாடிக்கையாளர் போல அழைப்பு அனுப்பும் சர்வீஸ்) சேர்த்து அதில் 11 சர்வீஸ். முகப்பு, செக்அவுட், பொருள் பட்டியல், ஷிப்பிங் நான்கும் கோ மொழியில். நாணய மாற்றும் பேமெண்டும் நோட் ஜேஎஸ். கார்ட் (பொருள்களைப் போட்டுவைக்கும் கூடை) சி ஷார்ப், விளம்பரம் ஜாவா, மெயிலும் பரிந்துரையும் பைத்தான். கார்ட்டுக்குப் பின்னால் ரெடிஸ் என்ற டேட்டாபேஸ். சர்வீஸ்கள் தங்களுக்குள் ஜிஆர்பிசி என்ற அழைப்பு முறையில் பேசிக்கொள்கின்றன.

இப்போது ஒரு பிழை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: வாடிக்கையாளர் யென்னில் பார்த்த மொத்தத் தொகையும் கிரெடிட் கார்டில் பிடித்த தொகையும் ஒத்துப்போகவில்லை. செக்அவுட் என்ன செய்கிறது? கார்ட்டில் இருப்பதை எடுக்கிறது, ஒவ்வொரு பொருளின் விலையையும் நாணய மாற்று சர்வீஸுக்கு அனுப்பி மாற்றுகிறது, ஷிப்பிங் கட்டணத்தைச் சேர்க்கிறது, பேமெண்டிடம் கொடுக்கிறது, சரக்கை அனுப்பச் சொல்கிறது, கார்ட்டைக் காலி செய்கிறது, கடைசியில் மெயில். தொகை பிசகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை செக்அவுட்டும் நாணய மாற்றும்தான். ஆக 11 ஓட வேண்டும், 2 நிற்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு வேலையை வைத்தே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு வரி மாற்றினால் எவ்வளவு நேரத்தில் ஓடும்? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். பிழை தேடும்போது ஒரே நாளில் நூறு தடவை சின்னச் சின்ன மாற்றம் செய்வோம். ஒவ்வொன்றுக்கும் இமேஜ் (சர்வீஸை ஓட்டத் தேவையான எல்லாவற்றையும் அடைத்த பொதி) கட்டிக்கொண்டிருந்தால், என்ன தேடிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும்.

டீபக்கரை இணைப்பது எவ்வளவு சுலபம்? ஒரு பட்டனை அழுத்தினால் போதுமா, இல்லை போர்ட், பாதை, அனுமதி என்று மூன்று இடத்தில் மல்லுக்கட்ட வேண்டுமா?

நீங்கள் நிறுத்தினால் சுற்றியிருப்பவை என்ன செய்யும்? பலரும் யோசிக்காத அளவுகோல் இது. பிரேக்பாயிண்டில் நிற்பது உங்கள் சர்வீஸ் மட்டும்தான், மற்றவற்றின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால், இயல்பான அமைப்பில் 60 நொடியில் பொறுமை இழந்து 504 என்ற டைம்அவுட் பிழையைக் கொடுக்கும். அமேசானின் எஸ்க்யூஎஸ் என்ற செய்தி வரிசை (கியூ), அதிலிருந்து எடுத்த செய்தியை, கெடுவை மாற்றாமல் விட்டிருந்தால், 30 நொடியில் திரும்ப வெளியே விட்டுவிடும். நீங்கள் வேரியபிள்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதே செய்தி இரண்டாம் முறை வந்து நிற்கும். காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பில், டீபக்கர் எல்லா த்ரெட்டையும் நிறுத்திவிட்டால் ஹார்ட்பீட்டும் (உயிரோடு இருக்கிறேன் என்ற அறிவிப்பு) நிற்கும். 3.0 பதிப்பிலிருந்து 45 நொடி கெடு, அதற்குள் தொடராவிட்டால் உங்கள் கன்சியூமரை (செய்தி வாங்கும் சர்வீஸை) குழுவிலிருந்து நீக்கிவிடும். இன்டெலிஜே எடிட்டரில் பிரேக்பாயிண்டை வலது க்ளிக் செய்து, எல்லா த்ரெட்டுக்கும் பதிலாக அந்த ஒரு த்ரெட்டை மட்டும் நிறுத்தச் சொன்னால் இது தவிரும்.

லேப்டாப் தாங்குமா? முக்கியமாக ரேம்.

புரொடக்ஷனுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? எல்லாப் பிழைக்கும் இது தேவையில்லை. தேவைப்படும் பிழைக்கு இது மட்டும்தான் தேவை.

அடுத்தவர் எவ்வளவு சீக்கிரம் ஓட்ட முடியும்? உங்கள் மெஷினில் மட்டும் ஓடும் அமைப்பால் டீமுக்குப் பயனில்லை.

## வழி 1: எல்லாவற்றையும் நேரடியாக ஓட்டுவது

கன்டெய்னர் (இமேஜிலிருந்து தனியாக ஓடும் பெட்டி) எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சர்வீஸையும் அதனதன் மொழியில், உங்கள் மெஷினிலேயே கிளப்புவது. இரண்டு மூன்று சர்வீஸ் என்றால் டெர்மினலில் டேப் திறந்தே சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் எதை எப்படிக் கிளப்புவது என்று புராக்ஃபைல் எழுதி, அதைப் படித்து எல்லாவற்றையும் ஓட்டும் ஃபோர்மேன் அல்லது ஓவர்மைண்ட் வைத்துக்கொள்வது நல்லது. ஓவர்மைண்ட் உள்ளுக்குள் டிமக்ஸ் என்ற டெர்மினல் கருவியைப் பயன்படுத்துவதால், ஓடும் ஒரு சர்வீஸின் டெர்மினலுக்குள் நேராகப் போய் அங்கேயே டீபக்கருடன் பேசலாம். ரூபி ஆட்களுக்கு இது பெரிய வசதி.

டீபக் என்று வந்தால் இந்த வழிக்கு நிகர் கிடையாது. விஎஸ் கோடில் லாஞ்ச் கோப்பில் "காம்பவுண்ட்ஸ்" என்று ஒரு பகுதி எழுதி, செக்அவுட்டையும் நாணய மாற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால், எஃப்5 அழுத்தினதும் இரண்டும் டீபக்கரோடு கிளம்பும். "ஸ்டாப் ஆல்" என்பதையும் போட்டுவிடுங்கள், ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். இன்டெலிஜேயில் இதற்குக் காம்பவுண்ட் ரன் கான்ஃபிகரேஷன் இருக்கிறது, விஷுவல் ஸ்டுடியோவில் ஒரே நேரத்தில் பல ப்ராஜெக்டைத் தொடங்கும் வசதி இருக்கிறது. கோ கோடில் நிறுத்தி, "ஸ்டெப் ஓவர்" கொடுத்து, அந்த அழைப்பு நோட் பக்கம் போய் அங்கே வைத்த பிரேக்பாயிண்டில் நிற்பதைப் பார்க்கும்போது, வேறு எதையும் போட்டு ஏன் அவதிப்பட்டோம் என்று தோன்றும்.

மறைந்திருக்கும் செலவு: போர்ட் மோதல். ஆன்லைன் பூட்டீக்கில் பேமெண்டும் ஷிப்பிங்கும் 50051இல் கேட்கின்றன. முகப்பு, மெயில், பரிந்துரை மூன்றும் 8080. கன்டெய்னரில் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி இருப்பதால் அங்கே இது பிரச்சினையே இல்லை. ஒரே மெஷினில் ஓட்டினால் இரண்டாவதாகக் கிளம்புவது உடனே விழுந்துவிடும். மேக்கில் மான்டரே பதிப்பிலிருந்து 5000ஐ ஏர்ப்ளே பிடித்துவைத்திருக்கிறது. ஃபோர்மேன் முதல் சர்வீஸுக்குக் கொடுப்பதும் அதே 5000தான்.

அப்புறம் சூழல் மாறிகள். செக்அவுட்டுக்கு ஆறு சர்வீஸின் முகவரி வேண்டும், ஒன்று குறைந்தாலும் தொடக்கத்திலேயே பேனிக் ஆகி விழுந்துவிடும். நோட் 17இலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகலாம். அந்தப் பக்கம் சர்வர் 127.0.0.1இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு மறுக்கப்படும். இதற்கு அரை நாள் போவது சர்வ சாதாரணம். இதெல்லாம் போக கோ, நோட், ஜாவா, டாட்நெட், பைத்தான் ஐந்தையும் சரியான பதிப்பில் வைத்திருக்க வேண்டும்.

எப்போது இது சரி: நாலைந்து சர்வீஸ், ஒன்றிரண்டு மொழி. அதற்குள் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

## வழி 2: எல்லாவற்றையும் டாக்கர் கம்போஸில் ஓட்டுவது

ஒரே யாம்ல் அமைப்புக் கோப்பு, ஒரே கட்டளை, எல்லாம் எழுந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் நாளே கடையைத் திறந்து பார்க்கலாம். ஐந்து மொழியையும் யாரும் நிறுவ வேண்டாம். போர்ட் மோதலும் இல்லை, ஏனென்றால் சர்வீஸ்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்கின்றன.

வேலை இருப்பது டீபக்கரில். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான், உங்கள் மெஷின் கிடையாது. நோட்டின் டீபக்கர் 9229 போர்ட்டில் கேட்கும், ஆனால் சொல்லாவிட்டால் 127.0.0.1இல் மட்டும். போர்ட்டை வெளியே திறந்துவிட்டாலும் எடிட்டரால் சேர முடியாது. 0.0.0.0இல் கேள் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஜாவாவிலும் இதே கதைதான்: ஜேடிகே 8 வரை 5005 என்று போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால் போதும். 9இலிருந்து அதற்கு முன்னால் நட்சத்திரக் குறியும் முக்காற்புள்ளியும் போட்டால்தான் வெளியிலிருந்து இணைய முடியும். பழைய குறிப்பைப் பார்த்து எழுதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கோ மொழிக்கு டெல்வ் என்ற டீபக்கரை வைத்துப் பார்ப்பதென்றால் கம்பைலரின் ஆப்டிமைசேஷனை அணைத்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதி வேரியபிள்களின் மதிப்பே தெரியாது.

இவ்வளவும் செய்து இணைந்த பிறகு பிரேக்பாயிண்ட் சாம்பல் நிற வட்டமாக நிற்கிறதா? அது பாதைச் சிக்கல். உங்கள் மெஷினில் கோட் இருக்கும் ஃபோல்டரும் கன்டெய்னருக்குள் இருக்கும் ஃபோல்டரும் வேறு வேறு. விஎஸ் கோடில் நோட்டுக்கு "லோக்கல் ரூட்", "ரிமோட் ரூட்" இரண்டையும், பைத்தானுக்கு "பாத் மேப்பிங்ஸ்" பகுதியையும் நிரப்ப வேண்டும். "பிரேக்பாயிண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று வரும் புகார்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு முக்கிய எச்சரிக்கை: டீபக் போர்ட்டை வெளியே திறக்கும்போது போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 சேர்த்து எழுதுங்கள். டாக்கர் தானாக எல்லா இடைமுகத்திலும் திறந்துவிடும். டீபக்கரோடு இணைய முடிந்தவர் உங்கள் மெஷினில் ஓடும் அந்தக் கன்டெய்னருக்குள் எந்தக் கோடையும் ஓட்ட முடியும். காபிக் கடை வைஃபையில் இது விளையாட்டல்ல.

மறைந்திருக்கும் செலவு: மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஓடுவது ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள். அதற்கு ஒதுக்கிய ரேம் போதாவிட்டால் ஏதோ ஒரு சர்வீஸ் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடக்கும், பெரும்பாலும் ஜாவா. விண்டோஸில் கோடை சி டிரைவில் வைத்துக்கொண்டு டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வழியாக ஓட்டினால் மெதுவாக இருப்பதோடு, கோப்பு மாறிய செய்தியும் உள்ளே போகாது, தானாக ரீலோட் ஆகாது. கோடை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டரில் வைத்தால் இரண்டும் தீரும்.

"டிபெண்ட்ஸ் ஆன்" என்று போட்டதும் டேட்டாபேஸ் தயாரான பிறகுதான் சர்வீஸ் கிளம்பும் என்று நம்பாதீர்கள். கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டும்தான் அது பார்க்கும். ஹெல்த்செக் எழுதி, "சர்வீஸ் ஹெல்தி" என்ற நிபந்தனையைச் சேர்த்தால்தான் உண்மையாகக் காத்திருக்கும். வால்யூம்களையும் (டேட்டாவைச் சேமிக்கும் இடங்கள்) சேர்த்து நீக்கும் கட்டளையைப் பழக்கதோஷத்தில் அடித்தால் டெஸ்ட் டேட்டா எல்லாம் போய்விடும்.

பணச் செலவும் உண்டு. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும், அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனம் டாக்கர் டெஸ்க்டாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் அறிவித்து, 2022 ஜனவரியோடு அவகாசம் முடிந்தது. லினக்ஸில் டாக்கர் எஞ்சினை அப்படியே பயன்படுத்தலாம். மேக்கில் கொலிமா, போட்மேன் போன்றவை இருக்கின்றன.

எப்போது இது சரி: கடை முழுவதும் ஓடுகிறதா என்று பார்க்க, முழு டெஸ்ட் ஓட்ட, டிசைனருக்கோ டெஸ்டருக்கோ ஓட்டிக் காட்ட. நாள் முழுக்க ஒரே சர்வீஸுக்குள் உட்கார்ந்து பிழை தேட இது முதல் தேர்வு இல்லை.

## வழி 3: கலந்து ஓட்டுவது, என் தேர்வு

நிறுத்திப் பார்க்க வேண்டிய இரண்டை எடிட்டரில் நேராக ஓட்டுங்கள். மீதி ஒன்பதையும் ரெடிஸையும் கம்போஸில் விடுங்கள். முதல் வழியின் வேகமும் இரண்டாவதன் நிம்மதியும் சேர்ந்து கிடைக்கும்.

நம் யென் பிழைக்கு இதை எப்படி அமைப்பது? கம்போஸில் செக்அவுட்டையும் நாணய மாற்றையும் தவிர மற்றவற்றைக் கிளப்ப வேண்டும். கம்போஸின் "புரொஃபைல்ஸ்" வசதியில் இவற்றைத் தனித்தனிப் பெயரில் பிரித்துவைத்தால், எதை விட்டுவிட்டுக் கிளப்புவது என்பது ஒரு சொல்லில் முடியும். செக்அவுட் கூப்பிடும் கார்ட், பட்டியல், ஷிப்பிங், பேமெண்ட், மெயில் ஐந்துக்கும் வெளிப்பக்கம் வேறு வேறு போர்ட் கொடுங்கள். பேமெண்டுக்கு 50051, ஷிப்பிங்குக்கு 50052 என்று. உள்ளே அதே 50051 இருக்கட்டும். இந்த ஐந்து முகவரியையும், பக்கத்திலேயே ஓடும் நாணய மாற்றின் 7000ஐயும் ஒரு சூழல் கோப்பில் எழுதி, லாஞ்ச் கோப்பில் சுட்டிவிட்டால் செக்அவுட் கிளம்பிவிடும்.

எதிர்த் திசைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். முகப்பு இருப்பது கன்டெய்னருக்குள், அது கூப்பிட வேண்டிய செக்அவுட் உங்கள் மெஷினில். இதற்கு டாக்கர் டெஸ்க்டாப் "ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்" என்ற சிறப்புப் பெயரைத் தருகிறது. முகப்பின் சூழல் மாறியில் செக்அவுட் முகவரியாக அந்தப் பெயரையும் 5050ஐயும் கொடுத்தால் சரி. லினக்ஸில் டாக்கர் எஞ்சினை மட்டும் ஓட்டினால் அந்தப் பெயர் தானாக வராது. கம்போஸ் கோப்பில் "எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ்" பகுதியில் அதை "ஹோஸ்ட் கேட்வே" என்பதோடு இணைக்க வேண்டும். லினக்ஸில் இன்னொன்றும் பாருங்கள்: உங்கள் சர்வீஸ் 127.0.0.1இல் மட்டும் கேட்டால் கன்டெய்னரிலிருந்து வரும் அழைப்பு அதை எட்டாது. ஃபயர்வாலும் வழிமறிக்கலாம்.

இப்போது முகப்பில் யென்னைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் கொடுக்கிறோம். செக்அவுட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் விலையை மாற்றும் இடத்தில் நிற்கிறது. இந்தக் கடை பணத்தை இரண்டு துண்டாக வைத்திருக்கிறது: முழு எண் ஒன்று, அதன் நூறு கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட நானோ ஒன்று. போகும்போது என்ன மதிப்பு, நோட் பக்கம் பெருக்கின பிறகு என்ன மதிப்பு, திரும்பி வந்ததைக் கூட்டும்போது நானோவின் மிச்சம் முழு எண்ணுக்கு ஏறியதா என்று மூன்று இடத்தையும் ஒரே எடிட்டரில், ஒரே ஆர்டரில் பார்த்துவிடலாம். சந்தேகப்பட்ட வரியை மாற்றிச் சேமித்தால் நோட் பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் திரும்ப ஓடும், கோ பக்கம் சில நொடி.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு விதமான முகவரிப் பட்டியலைப் பராமரிக்க வேண்டும். ஒன்று கன்டெய்னருக்குள் இருப்பவர்களுக்கு, இன்னொன்று வெளியே இருப்பவர்களுக்கு. புதிய சர்வீஸ் சேர்க்கும்போது இரண்டிலும் சேர்க்க வேண்டும் என்பதை டீமில் யாராவது மறப்பார்கள். ஏற்கெனவே நிறுவிய போஸ்ட்கிரெஸ் 5432இல் ஓடிக்கொண்டிருக்க, கம்போஸிலும் அதே எண்ணைத் திறந்தால், மேக்கில் சில நேரம் மோதல் என்ற செய்தியே வராது. இணைப்பு மட்டும் பழைய டேட்டாபேஸுக்குப் போய், அப்படி ஒரு பயனர் இல்லை என்று சொல்லும். கம்போஸ் பக்கம் 15432 போல விலகிய எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எப்போது இது சரி: தினசரி வேலைக்கு. பத்து முதல் இருபது சர்வீஸ் வரை, 16 ஜிபி ரேம் இருந்தால், இதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

## வழி 4: லேப்டாப்பிலேயே குபெர்னெட்டிஸ்

குபெர்னெட்டிஸ், கிளஸ்டரில் (சேர்ந்து இயங்கும் மெஷின்களில்) கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு. அதை லேப்டாப்பில் ஓட்டுபவை மினிகியூப், கைண்ட், கே3டி. இவற்றின் மேல் ஸ்காஃபோல்ட் அல்லது டில்ட் போட்டால், கோட் மாறியதும் இமேஜ் கட்டி கிளஸ்டரில் ஏற்றும் வேலையை அவை பார்த்துக்கொள்ளும். ஆன்லைன் பூட்டீக்கின் வழிகாட்டி மினிகியூபுக்கு 4 சிபியு, 4 ஜிபி ரேம், 32 ஜிபி டிஸ்க் கேட்கிறது. ஸ்காஃபோல்டில் முதல் முறை ஓட்ட சுமார் 20 நிமிடம் ஆகலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது அளவுகோலை (நிறுத்தினால் சுற்றியிருப்பவை என்ன செய்யும்) நினைவு வைத்திருங்கள், இங்கேதான் அது கடிக்கும். செக்அவுட்டில் பிரேக்பாயிண்டில் நிற்கிறீர்கள். டெல்வ் முழு புரோசஸையும் நிறுத்திவைத்திருக்கிறது. குபெர்னெட்டிஸ் தன் பாட்டுக்கு 10 நொடிக்கு ஒருமுறை "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்கிறது. இந்தச் சோதனைக்கு லைவ்னெஸ் புரோப் என்று பெயர். அதன் இயல்பான அமைப்பில், மூன்று முறை பதில் இல்லையென்றால் கன்டெய்னரைக் கொன்று புதிதாகத் தொடங்கிவிடும். சுமார் அரை நிமிடத்தில் டீபக்கர் இணைப்பு அறுந்துபோகும். பிரேக்பாயிண்ட் வைத்ததும் சர்வீஸ் கிராஷ் ஆகிறது என்று பலர் நினைப்பது இதைத்தான். ஸ்காஃபோல்டின் டீபக் கட்டளை இந்தக் கெடுவைத் தானாக 10 நிமிடத்துக்கு நீட்டிவிடுகிறது. கையால் செய்கிறீர்கள் என்றால் டெவலப்மென்ட் அமைப்பில் அந்த புரோபை எடுத்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: இமேஜைக் கட்டினால் போதாது, கைண்டுக்குள் அதைத் தனியாக ஏற்ற வேண்டும். "லேட்டஸ்ட்" என்று டேக் கொடுத்திருந்தால், உள்ளே இமேஜ் இருந்தாலும் குபெர்னெட்டிஸ் ரெஜிஸ்ட்ரிக்குத்தான் (இமேஜ்களை வைத்திருக்கும் சர்வர்) ஓடும், கிடைக்காமல் "இமேஜ் புல் பேக்ஆஃப்" என்று நிற்கும். வேறு டேக் கொடுத்தால் தீர்ந்தது. இதைவிடப் பெரிய செலவு, டீமில் எல்லோரும் குபெர்னெட்டிஸ் படிக்க வேண்டியிருப்பது. பேமெண்ட் லாஜிக் எழுத வந்தவரின் ஒரு வாரம் பாட்களின் (கிளஸ்டரில் கன்டெய்னர் ஓடும் அலகுகளின்) நிலையைப் பார்ப்பதிலேயே போகும்.

எப்போது இது சரி: பிழை கோடில் இல்லாமல் அமைப்பில் இருக்கும்போது. கான்ஃபிக்மேப் (அமைப்பு மதிப்புகளின் பட்டியல்) சரியாக வரவில்லை, ரெடினஸ் புரோப் (தயாரா என்ற சோதனை) தப்பு, இரண்டு பாட் ஓடும்போது மட்டும் பிழை வருகிறது, இங்க்ரஸ் (வெளியிலிருந்து வரும் அழைப்பின் நுழைவாயில்) வழி தவறுகிறது. இவை கம்போஸில் தலைகீழாக நின்றாலும் வராது. யென் பிழைக்கு இந்த வழியை நான் எடுக்க மாட்டேன்.

## வழி 5: ஒன்று இங்கே, மற்றவை தொலைவில்

நாற்பது ஐம்பது சர்வீஸ் ஆகிவிட்டால் எந்த லேப்டாப்பும் தாங்காது. டீமுக்குப் பொதுவான ஒரு டெவலப்மென்ட் கிளஸ்டர் இருக்கட்டும், நீங்கள் ஒரே ஒரு சர்வீஸை மட்டும் உங்கள் எடிட்டரில் ஓட்டுங்கள். டெலிபிரசன்ஸ் என்ற கருவி, கிளஸ்டரில் அந்த சர்வீஸுக்கு வரும் அழைப்பை உங்கள் மெஷினுக்குத் திருப்பிவிடும். மிரர்டி வேறு மாதிரி: நீங்கள் ஓட்டும் புரோசஸின் நெட்வொர்க், கோப்பு, சூழல் மாறிகளை எல்லாம் அது கிளஸ்டரில் ஒரு பாடுக்குள் ஓடுவது போல ஆக்கிவிடுகிறது. வரும் அழைப்பின் நகலை மட்டும் உங்களுக்குக் கொடுக்கலாம், அல்லது அழைப்பையே திருப்பலாம்.

மறைந்திருக்கும் செலவு: பொது இடம் என்பதுதான். நீங்கள் அழைப்பைத் திருப்பி பிரேக்பாயிண்டில் நிறுத்தினால், அதே நேரத்தில் ஆர்டர் போட்டுப் பார்க்கும் டெஸ்டருக்கும் எல்லாம் நின்றுபோகும். குறிப்பிட்ட ஹெடர் உள்ள அழைப்பை மட்டும் திருப்பும்படி அமைப்பது கட்டாயம். நகல் வழியிலும் ஒரு ஆபத்து உண்டு. அசல் அழைப்பு கிளஸ்டரில் டேட்டாபேஸில் எழுதுகிறது, நகல் உங்கள் லேப்டாப் வழியாக அதே டேட்டாபேஸில் இன்னொரு முறை எழுதலாம். ஆர்டர் இரண்டாகப் பதிவாவது இப்படித்தான். கியூ இருந்தால் உங்கள் கன்சியூமரும் கிளஸ்டரில் ஓடுவதும் செய்திகளைப் பங்குபோட்டுக்கொள்ளும், நீங்கள் அனுப்பிய டெஸ்ட் செய்தி உங்களிடம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இவற்றோடு கிளவுட் பில், நெட் வேகம், விபிஎன். வீட்டில் நெட் போனால் வேலையும் நிற்கும்.

எப்போது இது சரி: லேப்டாப் உண்மையிலேயே தாங்காதபோது. கிளஸ்டரில் மட்டும் வரும் பிழைக்கும், அந்த நிஜ டேட்டா இருந்தால்தான் தெரியும் பிழைக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | மாற்றம் ஓட ஆகும் நேரம் | டீபக்கரை இணைப்பது | ரேம் | புரொடக்ஷன் ஒற்றுமை |
|---|---|---|---|---|
| நேரடியாக | நொடிகள் | மிகச் சுலபம் | குறைவு | குறைவு |
| முழு கம்போஸ் | நொடிகள் முதல் நிமிடங்கள் வரை | போர்ட், பாதை அமைக்க வேண்டும் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | நடுத்தரம் |
| கலந்து | நொடிகள் | மிகச் சுலபம் | நடுத்தரம் | நடுத்தரம் |
| லேப்டாப் கிளஸ்டர் | பெரும்பாலும் நிமிடங்கள் | கருவி இருந்தால் பரவாயில்லை | அதிகம் | அதிகம் |
| தொலை கிளஸ்டர் | நொடிகள் | சுலபம், ஆனால் மற்றவரைப் பாதிக்கும் | குறைவு | மிக அதிகம் |

டாட்நெட் டீம்களுக்குத் தனியாக ஒரு சொல். 2024 மே மாதம் முழுமையாக வெளிவந்த மைக்ரோசாஃப்டின் ஆஸ்பயர், மூன்றாவது வழியைக் கிட்டத்தட்டத் தயார் நிலையில் கொடுக்கிறது. எந்த சர்வீஸ், எந்த டேட்டாபேஸ், யார் யாரைக் கூப்பிடுவது என்பதை சி ஷார்ப் கோடாகவே எழுதலாம். ப்ராஜெக்ட்கள் நேராக டீபக்கரில் ஓடும், டேட்டாபேஸ் கன்டெய்னரில் ஓடும், முகவரிகளை அதுவே ஊட்டிவிடும். கையால் சூழல் கோப்பு எழுதும் வேலை இல்லை.

## பிரேக்பாயிண்டுக்கு முன்னால் டிரேஸ்

எந்த வழியை எடுத்தாலும் டிரேஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு அழைப்பு எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்ற பதிவை. எந்த சர்வீஸில் நிறுத்துவது என்று தெரியாமல் பதினொன்றிலும் பிரேக்பாயிண்ட் வைப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். சர்வீஸ்களில் டிரேஸைச் சேகரிக்கும் ஓப்பன்டெலிமெட்ரியை இயக்கி, அதைக் காட்டும் யேகரின் ஆல் இன் ஒன் கன்டெய்னரை ஓட்டினால் போதும். 4317இல் ஜிஆர்பிசி வழியாக டிரேஸ் போகும், 16686இல் பிரௌசரில் பார்க்கலாம். ஒரு ஆர்டர் எந்தெந்த சர்வீஸுக்குப் போனது, எங்கே எவ்வளவு நேரம் ஆனது, எங்கே பிழை என்பது ஒரே படத்தில் வரும். முக்கியமாக, டிரேஸ் எதையும் நிறுத்துவதில்லை. டைம்அவுட் சம்பந்தப்பட்ட பிழைகளில் பிரேக்பாயிண்ட் வைத்தாலே பிழையின் தன்மை மாறிவிடும், அங்கே டிரேஸும் லாகும்தான் துணை.

பிழை மறைந்திருக்கும் இடங்களும் லாகில் தெரியும். இந்தக் கடையின் செக்அவுட்டில் மெயில் போகாவிட்டால் ஆர்டர் தோற்காது, லாகில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் எழுதிவிட்டுத் தொடரும். டீபக்கரில் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

## உங்கள் நிலைமைக்கு

8 ஜிபி லேப்டாப், மூன்று நான்கு சர்வீஸ்: நேரடியாக ஓட்டுங்கள். டேட்டாபேஸை மட்டும் கன்டெய்னரில் வைத்துக்கொள்ளலாம்.

8 ஜிபி லேப்டாப், பத்துக்கு மேல்: கலந்து ஓட்டுங்கள், ஆனால் தேவையில்லாததைக் கிளப்பாதீர்கள். யென் பிழைக்கு விளம்பரமும் பரிந்துரையும் லோடு ஜெனரேட்டரும் எதற்கு? மூன்றையும் விட்டுவிட்டால் ரேம் கொஞ்சம் மூச்சு விடும். முகப்பு அவற்றின் முகவரியைக் கேட்டால் மட்டும் பெயரளவுக்கு ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

பல மொழி, மாதம் ஒருவர் புதிதாகச் சேரும் டீம்: முழு கம்போஸ் கோப்பு ஒன்று எப்போதும் ஓடும் நிலையில் இருக்கட்டும், அதன் மேல் கலந்து ஓட்டும் வசதி. லாஞ்ச் கோப்பு, சூழல் கோப்பின் மாதிரி, பாதை அமைப்பு எல்லாம் ரெப்போவுக்குள் போக வேண்டும், ஒருவரின் மெஷினில் தங்கக் கூடாது. ரகசியச் சாவிகள் மட்டும் வெளியே.

பிளாட்ஃபார்ம் டீம், யாம்லோடு வாழ்பவர்கள்: லேப்டாப் கிளஸ்டர். புரோப் கெடுவை முதலில் நீட்டுங்கள்.

ஐம்பது சர்வீஸ், ஏற்கெனவே பொதுக் கிளஸ்டர் இருக்கிறது: தொலை வழி. ஹெடர் வடிகட்டல் இல்லாமல் யாரும் அழைப்பைத் திருப்பக் கூடாது என்பதையும், எழுதும் வேலை செய்யும் சர்வீஸுக்கு நகல் முறை வேண்டாம் என்பதையும் முதல் நாளே டீமில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.